கொள்ளிடத்து ஓடமும் யந்திரமும்

பெரம்பலூர், அரியலூர் என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலமும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளும் நினைவுக்கு வருமேயன்றி, படகு என்ற ஒரு பொருள் யாருக்கும் நினைவுக்கு வராது. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் வடபாகமான இந்தத் தாலூகாக்கள் மழையையும் ஏரியையும் நம்பி வாழ்ந்தவை. மருதையாறும் சின்னாறும் மழைக்காலத்தில் சில தினங்கள் ஓடிவிட்டு மணலாகிப் போகிறவை. வடக்கெல்லையில் உள்ள வெள்ளாறும் வருஷத்தின் பெரும்பகுதி அப்படித்தான். ஆகவே பழைய படகு ஒன்றைச் செப்பனிட்டு அதன் பின்புறத்தில் என்ஜினைப் பூட்டும் வித்தையின் கதையை இந்த வட்டாரத்தில் தேடப் புகுவது வீண் சிரமமாகவே பலருக்குத் தோன்றும். தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுவதை மறந்தவர்களுக்கே அவ்வாறு தோன்றும் என்பது என் அபிப்பிராயம்.

மிகவும் பின்னோக்கிப் போனால், இந்தப் பூமியே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் தென்னாட்டில் பொறுக்கிச் சேர்த்த கல்லாய்ப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரியான எம். எஸ். கிருஷ்ணன் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் கண்டறிந்த, ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லானது என்பது சாஸ்திரக்ஞர்களின் முடிவு. இன்று ஆலைகள் அரைத்துத் தள்ளுகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்ற சொத்துதான். மனிதன் தோன்றுவதற்கு முந்தின அந்தக் கடலுக்கும் நம் ஓடத்துக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரித்திர காலத்துக்கு வருவோம். 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பிய இராஜேந்திர சோழன், கடற்கரையில் ஒரு பட்டினத்தைத் தலைநகராக வைத்துக்கொள்ளாமல், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்நாட்டில், இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் தன் ராஜதானியை அமைத்தான். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், இதே ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள தேவிகோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1749-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து கைப்பற்றியபோது, ஆற்றுமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்க ஒரு துறை அமையும் என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்தது. முகத்துவாரத்து மணல்மேடு அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. கப்பலுக்குப் பயன்படாத ஆறு ஓடத்துக்குப் பயன்பட்டது என்று சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

திருமழபாடி, திருமானூர், அழகியமணவாளம், தூத்தூர், ஸ்ரீபுரந்தான், மதனத்தூர் என்று மேற்கிலிருந்து கிழக்காக வடகரையில் வரிசையாய் அமைந்த ஊர்களுக்கு, வைத்தியத்துக்கும், சந்தைக்கும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் எதிர்க்கரைத் தஞ்சாவூர்ச் சீமையே அணித்தாக இருந்தது. ஆற்றைக் கடக்கும் துறைகளைச் சர்க்கார் சும்மா விட்டுவைக்கவில்லை. கால்வாய்களையும் பொது ஓடத்துறைகளையும் பற்றிச் சென்னை மாகாணத்தில் 1890-ல் ஒரு சட்டம் பிறந்தது. துறையைக் குத்தகைக்கு விடுவதும், மனிதருக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் தனித்தனியே கூலி விதிப்பதும் அதன்கீழ் ஒழுங்குக்கு வந்தன. ஓடக்காரனுடைய சாமர்த்தியம் எந்தச் சட்டத்திலும் அடங்குவதன்று. பிரவாகம் பெருகி ஓடும் ஆடி, ஆவணி மாதங்களில் நேர் எதிர்த்துறையைக் குறிவைத்து ஓடத்தைத் தள்ளினால் அது பல பர்லாங்கு கிழக்கே போய்த்தான் கரை சேரும் என்பதை அறிந்து, முதலில் கரையோரமாகவே கயிறு கட்டி மேற்கே வெகுதூரம் இழுத்துச் சென்று, அங்கிருந்து மூங்கில் கழியால் உந்தி, கழிக்கு நிலைகொடாத ஆழம் வந்ததும் துடுப்பை எடுத்துப் போட்டு, வெள்ளத்தின் போக்கையே வேலையாளாக்கிக்கொண்டு, குறுக்குச் சாய்வாய் இறங்கி, நினைத்த துறையில் கொண்டுபோய் ஓடத்தை ஒட்டுவான். தை பிறந்து நீர் வற்றியதும் அந்த ஓடம் மணலில் உட்கார்ந்துவிடும். பங்குனியில் திருமழபாடியில் நடக்கும் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணத்துக்குத் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவது பிரசித்தம். அந்தப் பருவத்தில் ஆற்றில் பெரும்பாலும் மணலே இருப்பதால், அவர்களுக்கு ஓடக்கூலிச் செலவு இல்லை.

இந்த ஓடத்தொழில் நசித்ததற்குப் பாலங்களையே காரணமாகச் சொல்வது வழக்கம். திருமானூரிலும் மதனத்தூரிலும் பாலங்கள் வந்தபின் துறைகள் வெறிச்சோடின என்பது உண்மைதான். ஆனால் காரணம் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. காவிரியின் நீரில் பெரும்பகுதியைக் கொள்ளிடம் தன்பால் இழுத்துக்கொண்டு, தஞ்சை வயல்களைக் காயப்போடுகிறதே என்ற கவலையில், 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், வெகுதூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். 1924-ல் வந்த பெருவெள்ளம் பழைய கணக்குகளையெல்லாம் புரட்டிப் போட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபிறகு, ஆற்றின் பிரவாகமே மனிதன் திறக்கும் மதகுக்கு அடங்கியது. அன்று முதல் கொள்ளிடம் மிகுநீரை வடிக்கும் போக்காயிற்று. காவிரிக்கு வேண்டியது போக மிஞ்சியதுதான் இதற்கு. அண்மைக் காலத்து மணல் குவாரிகள் ஆற்றுப்படுகையையும் தாழ்த்திவிட்டன.

கொள்ளிடத்தில் அணைகள் எழுந்துவந்த அந்தக் காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. படகின் வயிற்றுக்குள் நிலையாகப் பதிக்கவேண்டிய கனமான யந்திரத்துக்குப் பதிலாக, பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய சிறு என்ஜினைச் செய்யலாம் என்ற யோசனை பலருக்குத் தோன்றியிருந்தாலும், அதை வியாபாரமாக நிலைநிறுத்தியவர் நார்வே தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909-ல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த என்ஜின் 62 ராத்தல் எடை, ஒன்றரைக் குதிரைச்சக்தி. நம் நாட்டுக் கடலுக்கு யந்திரம் வந்ததிலும் நார்வேக்குப் பங்கு உண்டு: 1952-ல் ஏற்பட்ட இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு யந்திரம் பொருத்தும் வேலை தொடங்கியது. அவை உள்ளே பதிக்கும் யந்திரங்கள். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும், பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் பரவலாக வந்தது 1980-களில்தான்; 2004-ம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் மரக்கலங்கள் அழிந்து, ஃபைபர் படகும் அவுட்போர்டு என்ஜினுமாகவே ஆகிவிட்டது. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை அடுத்த பழையாற்று மீன்பிடி துறைமுகத்தில் நின்று பார்த்தால் அந்த மாறுதல் கண்கூடு. அதே ஆற்றின் மேல்வட்டத்தில் உள்ள அரியலூர்க் கரைக்கு யந்திரம் எட்டிப்பார்த்த காலத்தில், ஆற்றில் நீர் இல்லை. யந்திரப் படகுக்கு இங்கே ஒரு காலம் அமையாமலே போனதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

காலம் அமையவில்லை என்பதற்காகத் தேவை ஒழிந்துவிடவில்லை. மணலில் உட்கார்ந்த பழைய ஓடம் ஒன்றை எடுத்து என்ஜின் பூட்ட விரும்புகிறவன் செய்யவேண்டிய ஜீரணோத்தாரணத்தைச் சிறிது விவரிக்கிறேன். முதலில் ஓடத்தை நிழலில் உருளைக் கட்டைகளின் மேல் கவிழ்க்கவேண்டும்; வெயிலில் போட்டால் பலகை வெடித்துவிடும். பழைய தாரைச் சுரண்டிவிட்டு, கத்திமுனையால் மூட்டுக்களையும் ஆணி அடித்த இடங்களையும் குத்திப் பார்த்தால், முனை தடையின்றி இறங்குகிற இடமெல்லாம் உளுத்த இடம். அதை வெட்டி எடுத்து, இலுப்பையோ புன்னையோ பதமாகக் காய்ந்த பலகையை ஒட்டுவைக்கவேண்டும். அதன்பின் கலப்பத்து: பலகைகளுக்கு நடுவேயுள்ள சந்துகளில் பஞ்சுத் திரியையோ தேங்காய் நாரையோ மொட்டை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக்கி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது. மேல்பூச்சுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயைவிடச் சிறந்தது வேறில்லை. ஆண்டிமடம், ஜயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காடுகளை வைத்துக்கொண்டு இவ்வட்டாரத்தார் அதற்கு வெளியூர் போகவேண்டியதில்லை. கையில் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும் என்பதால் பூசுகிறவன் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். எல்லாம் முடிந்து தண்ணீரில் இறக்கியவுடன் ஓடம் நீர் வாங்குவதைக் கண்டு பதறவேண்டாம். பலகை ஊறிப் பருத்துச் சந்துகளை அடைத்துக்கொள்ள இரண்டு மூன்று தினங்கள் ஆகும்.

சிக்கல் என்ஜின் மாட்டுவதில்தான் இருக்கிறது. இருபுறமும் கூர்ந்து முடியும் ஓடமாக இருந்தால் அமரத்தில் என்ஜின் தொங்க இடமே இராது. பின்புறக் கூர்முனையை அறுத்து நிமிர்ந்த பலகை ஒன்றை, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் பொருத்தி, அதை அடிப்பலகையோடும் இருபக்கங்களோடும் முழங்கால் கட்டைகளால் பிணைக்கவேண்டும். ஏனெனில் நீருக்குள் சுழலும் என்ஜின் காற்றாடி தள்ளுகிற தள்ளு முழுவதையும் தாங்குவது அந்த ஒரு பலகையே. அதன் உயரம், குட்டைத் தண்டு என்ஜினுக்கு 15 அங்குலம், நெட்டைத் தண்டுக்கு 20. காற்றாடிக்கு நேர்மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஒத்து நிற்கவேண்டும். உயர்ந்துவிட்டால் காற்றாடி காற்றைக் குடித்து வெறுமனே இரையும். தாழ்ந்துவிட்டால் மணலில் இடிக்கும். கொள்ளிடத்தில் நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மேடாக இருக்கும். காற்றாடி இடித்தால் பல்சக்கரம் உடையாதபடி தான் முறிந்து காப்பதற்கென்றே சிறு என்ஜின்களில் மெல்லிய ஷியர் பின் ஒன்று வைத்திருக்கிறார்கள். மாற்றுப் பின்கள் இல்லாமல் ஆற்றில் இறங்குவது மூடத்தனம். மரைகள் தளர்ந்து என்ஜின் கழன்று ஆற்றோடு போகாதபடி, படகோடு ஒரு கயிற்றால் பிணைத்தும் வைக்கவேண்டும். என்ஜினைக் குளிரவைக்கும் பம்பினுள் இருக்கும் ரப்பர்ச் சக்கரத்துக்கு மணலே சத்துரு. ஓடும்போது பின்புறத் துவாரத்தில் நீர் மெல்லிய தாரையாகப் பீச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் உடனே என்ஜினையும் நிறுத்தவேண்டும். கரையில் சோதிப்பதானால் நீர் நிரப்பிய பீப்பாயில் நிறுத்தி ஓட்டவேண்டும். வறண்டு ஓடினால் ரப்பர்ச் சக்கரம் சில நிமிஷங்களில் பாழாகிவிடும். இரட்டை வீச்சு என்ஜினாயின் பெட்ரோலில் எண்ணெய் கலக்கவேண்டும்: தற்கால என்ஜின்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி, பழையவை இன்னும் அதிகம் கேட்கும். வேலை முடிந்ததும் கார்புரேட்டரை வடித்துவிடாவிட்டால், தேங்கிய பெட்ரோல் பிசினாகி, அடுத்த வெள்ளத்தில் கயிற்றை எத்தனை இழுத்தாலும் என்ஜின் பேசாது.

கொள்ளிடம் இன்றும் அடுத்த வெள்ளத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2005-ல் கரைகள் உடைந்தன. 2018 ஆகஸ்டு 22-ம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வருஷத்தின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கிற ஆறு வரும் நாளில் வெகு வேகமாக வருகிறது. அந்நாளில் கரையோரத்து ஊர்களுக்கு வேண்டியது பாலத்தைவிடப் படகு. ஆதலால் வெள்ளக்கால உபயோகத்துக்கென்று படகும் என்ஜினும் வைத்திருக்கும் அதிகாரிகள், ஆடி பிறப்பதற்கு முன் ஒருமுறை அவற்றை ஏதேனும் ஓர் ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்த்துவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருமானூர், தா. பழூர் பக்கங்களில் பழைய ஓடம் எவர் வீட்டுக் கொல்லையிலேனும் கிடந்தால், அதை விறகுக்கு உடைத்துவிடாமல், நீள அகலங்களையும், மூட்டுக்கள் கோத்த விதத்தையும், ஓட்டியவர் சொல்லும் செய்திகளையும் எழுதி வைக்கவேண்டும். முடிந்தால் ஒன்றையேனும் மாவட்டத்து அருங்காட்சியகம் எதற்காவது கொடுத்து உதவவேண்டும்.