ராஜாவுக்கு எப்போ செக் கொடுக்கலாம்?

பத்துபஸ்தி வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகளோடு ஒரு செஸ் ஆட்டம் உண்டு. நாலாவது மூவிலேயே ராணியை வெளியே கொண்டுவந்து "செக்!" என்பாள். பத்து நிமிஷத்தில் ராணி போய்விடும். நேற்று, "இனிமே ஆட மாட்டேன்ப்பா. ராஜாவை எப்பத்தான் அடிக்கறது?" என்று அழுதேவிட்டாள். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பதில் இது.

19-ஆம் நூற்றாண்டில் பெரிய ஆட்டக்காரர்களே இவளைப் போலத்தான். காய்களைப் பலி கொடுத்தாவது ராஜாவைத் துரத்துவதுதான் வீரம். 1886-ல் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ் கணக்குப் பார்த்தார். கையில் சாதகம் சேர்ந்த பிறகுதான் தாக்க வேண்டும். சேர்ந்தும் தாக்காவிட்டால் அது கரைந்துவிடும் என்றார். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், இருப்பு இல்லாமல் கொடுக்கும் செக் திரும்பி வரும் :-)

இதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. தாக்குதல் மன்னன் மிகயீல் தால் பெயரில் சென்னையில் இருந்த கிளப்பில் ஆடி வளர்ந்தவர் ஆனந்த். 2010-ல் சோபியாவில் டோபலோவோடு உலகப் பட்டப் போட்டி. எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து சாலை வழியாகவே போய்ச் சேர்ந்தார். (விமானம் ரத்தானால் என்ன பாடு என்று தீவுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!)

மே 11, கடைசி ஆட்டம். இருவரும் 5.5 புள்ளி. ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். டிரா என்றால் அடுத்து வேக ஆட்டங்கள். அதில் ஆனந்த் புலி. அவசரம் டோபலோவுக்குத்தான். ஆனந்தோ ராஜா பக்கம் பாயாமல், காய்களை வெட்டி மாற்றிக்கொண்டு, மந்திரியை மூலையில் நிறுத்திக் காத்திருந்தார்.

31-ஆவது மூவில் நடுச் சிப்பாயை முன்னே தள்ளினார். டோபலோவ் அதை வெட்ட, மூலை மந்திரிக்கு எதிரி ராஜா வரை பாதை திறந்தது. அடுத்த மூவே ராணியால் செக்! வேடிக்கை என்னவென்றால், 34-ஆவது மூவில் அதே ராணியைத் தன் கடைசி வரிசைக்கே பின்வாங்கினார். அங்கிருந்துதான் வலை இறுகியது. வெள்ளை ராஜா தனியாக வெளியே இழுபட்டது. 56 மூவில் ஆட்டம் முடிந்தது, பட்டம் ஆனந்திடமே தங்கியது.

இன்று இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினேன். "பின்னாடி போறதும் தாக்குறதுதானாப்பா?" என்றாள். பிறகு அவளே காய்களை மறுபடி அடுக்கினாள். பத்தாவது மூவ் வரை ராணி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருந்தது.