மூன்று கோடுகள் பிறந்த கதை

ஆரோவில் பக்கமோ மரக்காணம் உப்பளத்திலோ ஒருவருக்குக் கொரோனா முற்றி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்த்து, அங்கேயே உயிர் போய்விட்டால் அந்த இறப்பு புதுச்சேரியில்தான் பதிவாகும், விழுப்புரம் மாவட்டத்தில் அல்ல. இறந்த இடத்தில் பதிய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். எண்ணுவதே இந்தப் பாடு. எண்ணி முடித்தபின், நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பதறுவதற்கு அர்த்தம் உண்டா?

இதற்குக் கைகொடுத்த வரைபடம் டெலிபோன் சாமான் செய்த இடத்தில் பிறந்தது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் 1924 மே 16 அன்று தம் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். நடுவே சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் ஏறி இறங்கினால் இயந்திரத்தில் கை வைக்காதே. வெளியே போனால் காரணத்தைத் தேடு. அவ்வளவுதான். 

இதையே இறப்புக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் நாளுக்குச் சராசரி 9 இறப்பு என்று வைத்துக்கொள்வோம். 9இன் வர்க்கமூலம் 3. அதன் மூன்று மடங்கு 9. அதைச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 18. ஒருநாள் 15 பேர் இறந்தால் மனசு பதறும்தான், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் புதிதாக ஏதோ நடக்கிறது என்று சொல்ல முடியாது. 20 என்றால் சும்மா இருக்கக் கூடாது.

கொள்ளைநோயில் சராசரியே நாளுக்கு நாள் ஏறும். படுத்த கோடு உதவாது. 2020இல் ராக்கோ பெர்லா, லாயிட் புரோவோஸ்ட் முதலான ஆய்வாளர்கள் மடக்கைக் கணக்கைச் சேர்த்து, நோய் பெருகும் கட்டத்தில் எல்லைக் கோடுகளையும் சாய்த்துப் போட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் கோடு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், கொடுத்த எண்ணைத்தானே அது படிக்கும்?

2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு அன்றைய 74 இறப்புகளோடு, சென்னையில் மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்ட 444 இறப்புகளையும் சேர்த்து அறிவித்தது. வரைபடத்தில் போட்டால் அந்தப் புள்ளி எல்லையைத் தாண்டி எங்கோ நிற்கும். காரணம் வைரஸ் அல்ல, பதிவேட்டைத் திருத்திய குழு. ஷூவார்ட் சொன்ன 'காரணத்தைத் தேடு' என்பதில் இதுவும் அடங்கும்.

'இறப்பு ஒரே நாளில் இரு மடங்கு' என்று தலைப்புப் போட்டால், அந்தக் கணக்கில் உள்ளவர்கள் எந்தெந்தத் தேதியில் இறந்தவர்கள் என்று முதலில் கேளுங்கள்.