குண்டு கடைசல்: பழைய லேத்தின் அரிய துணைக்கருவியில் பிழை பிறக்கும் இடம்

1. தேவை

அந்தமானின் கராச்சர்மாவில் ஒரு பழைய லேத்தின் கைப்பிடிக் குண்டு உடைந்தால் மாற்றுக் குண்டு சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வர வேண்டும். கப்பலுக்கே மூன்று நாள். அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் இன்னும் கிடைத்தால்தான் அதுவும். பட்டறையிலேயே கடைந்துகொள்வது நல்லது. கடைசல் நமக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரம் மரச்சொப்பின் குமிழ்கள் கைப்பழக்கத்தில் உருள்கின்றன. மரக்குமிழில் கண் சற்றே ஏமாந்தாலும் குற்றமில்லை. கிண்ண மூட்டில் உட்கார வேண்டிய பித்தளைக் குண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

2. முன்னோடி

லண்டன் ஹோல்ட்ஸாப்ஃபெல் நிறுவனம் தன் முதல் லேத்தை 1795-இல் விற்றது. அதன் அலங்காரக் கடைசல் லேத்துகளுக்கென்று பின்னர் கோளக் கடைசல் தாங்கி ஒன்றும் வந்தது. சி.என்.சி. வந்தபின் வட்டப்பாதையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. பழைய துணைக்கருவி லேத்திலிருந்து பிரிந்துவிட்டால், என்னவென்று தெரியாமலே எடைக்குப் போய்விடும்.

3. அமைப்பு

கிராஸ் ஸ்லைடின் மேல் ஒரு சுழல்தட்டு. அதன் நடுவே செங்குத்தாக ஒரு பிவட். தட்டின் மேல் டூல். கைப்பிடியைத் திருப்பினால் டூல் நுனி பிவட்டைச் சுற்றிக் கிடைவட்டத்தில் நகரும். நுனிக்கும் பிவட்டுக்கும் உள்ள தூரமே குண்டின் ஆரம்.

4. பிழை

டர்னர்கள் முதலில் அஞ்சுவது டூல் உயரத்துக்கு. அந்த அச்சம் பாதி வீண் என்பது என் முடிவு. பிவட் நேராக இருந்தால், 12.5 மி.மீ. ஆரத்துக்கு வைத்த நுனி சென்டருக்கு அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும், அதன் பாதையில் எல்லாப் புள்ளிகளும் கோள மையத்திலிருந்து ஒரே தொலைவில்தான் இருக்கும். விட்டம் 25-க்குப் பதில் 25.02 ஆகும், முனையில் 1 மி.மீ. அகல மொட்டு ஒன்று மிஞ்சும். அரத்தால் இழைத்துவிடலாம். குண்டு குண்டாகவே இருக்கும்.

கெடுப்பது பிவட்டின் இடம். கேரேஜ் முன்னே பின்னே நகர்ந்தால் குண்டும் கூடவே நகருமே தவிர வடிவம் கெடாது. குறுக்கில் நகர்ந்தால்தான் வினை. ஸ்பிண்டில் கோட்டுக்கு 0.1 மி.மீ. இப்பால், டூல் பக்கமாக, பிவட் நின்றுவிட்டால் குறுக்குவிட்டம் 25.2 ஆகி, முனை குழிந்து பூசணி ஆகிறது. அப்பால் போனால் 24.8, முனை கூர்ந்து எலுமிச்சை.

முனைக்கு முனை அளக்கக் கழுத்து விடாது. ஆகவே குறுக்கே ஓர் அளவு, 45 பாகை சாய்த்து ஓர் அளவு என மைக்ரோமீட்டரில் எடுக்க வேண்டும். மேற்சொன்ன பூசணியில் அவை 25.20, 25.14. வித்தியாசம் 0.06, அதை 1.7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.1. கிராஸ் ஸ்லைடை அவ்வளவு உள்ளே தள்ள வேண்டும். குறுக்களவு குறைவாக இருந்தால் வெளியே. திருகின் பிளே தனிச் சனியன்: எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்தினால் தப்பலாம்.

5. கழுத்து

25 மி.மீ. குண்டுக்கு 12 மி.மீ. கழுத்து என்றால், முனையிலிருந்து 23.47 மி.மீ. தாண்டியதும் குண்டு முடிகிறது. அந்த மூலை வரை தட்டு திரும்பும்போது சக்கின் தாடையில் இடிக்கக்கூடும். மோட்டாரைப் போடாமல், தட்டை அந்த மூலை வரை திருப்பி, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே கடைய வேண்டும்.