சாவித்துளை வழியே அறுவை சிகிச்சை

1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் லண்டன் மாநகரில் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடைபெறுவதாக இருந்தது. அயல்நாட்டு விருந்தினரும் வந்து கூடிவிட்டனர். இரண்டு நாள் முன்னதாக, பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே மன்னருக்கு மயக்க மருந்து கொடுத்து, சர் பிரெடரிக் டிரீவ்ஸ் என்னும் மருத்துவர் அவருடைய வயிற்றைக் கீறிச் சீழை வெளியேற்றினார். விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. இத்தனைக்கும் காரணம், சுண்டுவிரல் போன்ற குடல்வால்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அடிவயிற்றின் வலப்புறத்தில், ஒரு முனை மூடிய சிறு குழாயாக அது தொங்குகிறது. அதன் வாய் அடைபட்டால் வீங்கிச் சீழ் கொள்ளும். வெடித்தாலோ நச்சுக் கிருமிகள் வயிறெங்கும் பரவும். வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பின்னர் வலப்பக்கம் இறங்கும். வயிற்று வலி என்று விடுப்புக் கேட்கும் பிள்ளையை ஐயத்தோடு நோக்குவது எங்கள் ஆசிரியர் குலத்தின் பழக்கம். வலி வலப்பக்கம் இறங்கியது என்று பிள்ளை சொன்னால் அந்த ஐயத்தை உடனே விட்டுவிட வேண்டும். அந்நிலையில் வீட்டில் பேதி மருந்து கொடுத்துப் பார்ப்பது பேராபத்து.

குடல்வாலை அகற்றியதாக முதலில் பதிவானவர் லண்டன் மருத்துவர் கிளாடியஸ் அமியண்ட். 1735-இல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதைச் செய்தார். சிறுவன் விழுங்கிய குண்டூசி குடல்வாலைத் துளைத்திருந்தது. நோயை 1886-இல் தெளிவாக விளக்கிப் பெயரிட்டவர் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ். எங்கே கீற வேண்டும் என்று 1894-இல் எழுதியவர் நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி. அதன்பின் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அந்த முறையே ஆட்சி செய்தது.

இதற்கிடையில் வேறொரு கலை தனி வழியில் வளர்ந்துவந்தது. 1901-இல் ஜெர்மானியரான கெயோர்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, சிறு துளை வழியே குழாய் செலுத்தி உள்ளுறுப்புகளைப் பார்த்துக் காட்டினார். 1910-இல் ஸ்வீடனில் யாக்கபேயஸ் மனிதரிடம் இம்முறையைக் கையாண்டார். பின்னர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளைக் குழாயில் அடுக்கித் தெளிவான காட்சி கிடைக்கச் செய்தார். ஆயினும் அக்குழாய் பெரும்பாலும் பார்ப்பதற்கே பயன்பட்டது. அதைக் கொண்டு வேலை செய்யத் துணிந்தவர்களுள் பெரும்பாலோர் மகளிர் மருத்துவர்கள்.

அவர்களுள் தலையாயவர் குர்ட் செம். 1927-இல் மியூனிக்கில் பிறந்தவர். மருத்துவம் பயிலுமுன் கருவி செய்யும் தொழிலைக் கற்றவர். அந்தப் பட்டறைப் பயிற்சியே அவரை மற்ற மருத்துவர்களினின்று வேறுபடுத்தியது என்று நான் கருதுகிறேன். தமக்கு வேண்டிய கருவி கடையில் இல்லையென்றால் தாமே வரைந்து செய்வித்துக்கொண்டார். கரியமில வாயுவை அளவோடு செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்தி நிறுத்தும் தானியங்கிப் பொறி அவர் படைப்பு. குழந்தைகளின் தொண்டைச் சதையை அகற்றுவதற்கு ரோடர் என்பவர் பயன்படுத்திய ஒரு சுருக்கு முடிச்சை எடுத்து, குழாய் வழியே செலுத்தி இறுக்கும்படி மாற்றியமைத்தார்.

1980-இல் கீல் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனையில் செம் குடல்வால் முழுவதையும் குழாய் வழியாகவே அகற்றினார். அடிப்பகுதியைச் சுருக்கிட்டுக் கட்டி, வெட்டி, குழாய்க்குள் இழுத்து வெளியே எடுத்தார். 1977-இலேயே டி காக் என்னும் டச்சு மருத்துவர் இக்குழாயின் துணையோடு குடல்வாலை எடுத்ததுண்டு. ஆனால் அவர் வயிற்றில் ஒரு சிறு கீறலும் இட்டார். ஆகவே முதன்மை செம்முக்கே உரியது.

பாராட்டு வந்ததா? ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவர், செம் மருத்துவம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதற்கு முன்பே, மூளையைப் பரிசோதித்துக்கொள்ளும்படி உடன் பணியாற்றியோர் அவரிடம் கூறியிருந்தனர். ஒருமுறை அவர் படங்களைத் திரையிட்டு விரிவுரை ஆற்றுகையில் படக்கருவியின் மின் இணைப்பையே பிடுங்கிவிட்டார்கள். ஓர் அமெரிக்க இதழ் அவருடைய கட்டுரையை முறையற்ற செயல் என்று திருப்பியனுப்பியது. 1983-இல்தான் அது வேறோர் இதழில் அச்சேறியது.

எதிர்த்தவர்களை மூடர் என்று தள்ளிவிடல் நியாயமன்று. வயிற்றை அகலத் திறந்து, கண்ணால் கண்டு, கையால் தொட்டுச் செய்வதே பாதுகாப்பு என்று கற்றவர்கள் அவர்கள். மூடிய வயிற்றினுள் இரத்தக் குழாய் ஒன்று அறுந்தால் என்ன செய்வது என்ற அவர்கள் கேள்வி நல்ல கேள்வி. அக்காலத்தில் மருத்துவர் ஒருவரே குழாயில் கண் பதித்துப் பார்க்க, உதவியாளர் பெரும்பாலும் ஒன்றும் காணாது நிற்க வேண்டியிருந்தது. ஆனால் நல்ல கேள்விக்கு மின் இணைப்பைப் பிடுங்குவது எவ்வாறு விடையாகும்? செம் வாதிட்டதோடு நில்லாமல், மருத்துவர்கள் உயிரற்ற பொருள்மீது கை பழகுவதற்கென ஒரு பயிற்சிப் பெட்டியையும் உருவாக்கினார்.

1985-இல் போப்லிங்கன் நகரத்து எரிக் மூஹே, செம்மின் வழியைப் பின்பற்றிப் பித்தப்பையைக் குழாய் வழியே அகற்றினார். அவரையும் அதே சங்கம் முதலில் புறக்கணித்து, 1992-இல் விருதளித்துப் போற்றியது. 1987-இல் ஷ்ரைபர் என்பவர் கடும் அழற்சி கண்ட குடல்வாலையும் இம்முறையில் எடுத்ததை அறிவித்தார். சிறிய படக்கருவியைக் குழாயில் பொருத்தித் திரையில் எல்லோரும் காணும் வசதி வந்தபின், 1990-க்குப் பிறகு இம்முறை விரைந்து பரவியது.

இன்று பல மருத்துவமனைகளில் இதுவே வழக்கமான முறை. தொப்புளருகே ஒரு துளை, வேறு இரண்டு சிறு துளைகள். நோயாளி பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். ஆனால் சிக்கலான நிலைகளிலும் கருவி வசதியற்ற இடங்களிலும் வயிற்றைக் கீறுதல் இன்னும் தேவைப்படுகிறது. சிக்கலற்ற நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே போதுமா என்ற ஆராய்ச்சியும் நடந்துள்ளது. சிலருக்குப் போதும், சிலருக்குப் பின்னர் அறுவை தேவைப்படுகிறது.

செம் 2003-இல் அமெரிக்காவின் டூசான் நகரில் காலமானார். அவர் கையாண்ட சுருக்கு முடிச்சால் குடல்வாலின் அடியைக் கட்டும் வழக்கம் அறுவைக் கூடங்களில் இன்றும் இருந்துவருகிறது.