மணமுறிவில் குடும்பத் தொழில்: பெயர், உழைப்பு, கடன்

1. சிக்கல் எங்கே இருக்கிறது

விவாகரத்து ஆனால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டுச் செய்திகளும் திரைப்படங்களும் வளர்த்த நம்பிக்கை இது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. கோவா இதற்கு விலக்கு: 1867ஆம் ஆண்டுப் போர்த்துகீசிய உரிமையியல் சட்டத்தின் தொடர்ச்சியாக, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியரின் சொத்து அங்கே இருவருக்கும் பொது. மற்ற இடங்களில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது.

வீடு, நிலம், வைப்புத்தொகை என்றால் இந்த விதி கடுமையானது, ஆனால் தெளிவானது. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு சிறு தையல் யூனிட்டை எடுத்துக்கொண்டால் தெளிவு கலைந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு கணவர் பெயரில், கட்டடம் மாமனார் பெயரில் இருக்கும். முதலீட்டில் ஒரு பகுதி மனைவியின் நகையை அடகு வைத்து வந்தது. வங்கிக் கடனுக்கு இருவரும் கையெழுத்திட்டிருப்பார்கள். கணக்கு எழுதி, சனிக்கிழமை கூலி பட்டுவாடா செய்தவர் சம்பளமே வாங்காத மனைவி.

இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்ட தம்பதியரை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் திருமணச் சட்டத்தைவிடத் தொழில் பதிவாகியிருக்கும் வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இதன் வாதம். உழைப்பு கணக்கில் வருவதில்லை. கடன் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

2. திருமணச் சட்டம் தருவது

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தை ஒட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரிய சொத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சீர்வரிசைப் பாத்திரமும் கட்டிலும் அதில் அடங்கலாம்; பத்தாண்டு உழைப்பில் வளர்ந்த தொழில் அடங்காது. எஞ்சுவது 25ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சம். இருதரப்பு வருமானம், சொத்து, நடத்தை ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் ஒரு தொகையை நிர்ணயிக்கலாம். ஆக, தொழில் பங்கிடப்படுவதில்லை. அதன் வருமானத்திலிருந்து ஒரு தொகை வாங்கித் தரப்படுகிறது.

அந்தப் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு குறை உண்டு. ஜீவனாம்சத் தொகைக்குப் பாதுகாப்பாக எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்றலாம் என்கிறது சட்டம். வாடகைக் கட்டடத்தில் ஓடும் யூனிட்டுக்கு அசையாச் சொத்து ஏது? இயந்திரமும் சரக்கும் வரவேண்டிய பாக்கியும்தான் உண்டு. சிறுதொழில் செய்பவரின் செல்வம் முழுவதும் சட்டம் கைவைக்கச் சொல்லாத இடத்தில் இருக்கிறது.

2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதத்தை நியாயமான ஜீவனாம்ச அளவாகக் குறிப்பிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. கல்லாவில் இருந்து வீட்டுச் செலவுக்கு எடுப்பவரின் 'நிகரச் சம்பளம்' எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர முயன்ற திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை.

3. தொழிலின் வடிவம்

தனியுரிமை நிறுவனம் என்றால் உரிமையாளரும் தொழிலும் ஒன்றே. பெயர் யாருடையதோ எல்லாம் அவருடையது. இது எப்போதும் மனைவிக்கு எதிராகவே வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா போன்ற, பெண்களுக்கான கடன் திட்டங்களை நம்பி மனைவி பெயரில் தொழில் தொடங்கிய ஆண்கள் ஏராளம். அங்கே இரவு பகலாக உழைத்த கணவர்தான் பெயரில்லாதவர். வரிக்காகவோ கடனுக்காகவோ அன்று வசதியாகச் செய்த ஏற்பாடு பிரிவில் அவருக்கு எதிரான ஆவணமாகிவிடுகிறது.

கூட்டாண்மை ஓரளவு நியாயமானது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி விவாகரத்தினால் ஃபர்ம் கலையாது. ஆனால் காலவரையறை இல்லாத கூட்டாண்மை என்றால் எந்தக் கூட்டாளியும் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். திருமணத்தைக் கலைப்பதைவிட இது எளிது. விலகியவருக்குக் கணக்கு முடிக்காமல் மற்றவர் தொழிலைத் தொடர்ந்தால், 37ஆம் பிரிவின்படி விலகியவர் தன் பங்கைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம். ஆடிட்டர் சொன்னார் என்று பெயருக்காகக் கூட்டாளியாக்கப்பட்ட மனைவிக்கு இந்த உரிமை இருப்பது பெரும்பாலும் விலகும் நாளில்தான் தெரியவருகிறது.

இந்துக் கூட்டுக் குடும்பத் தொழிலில் நிலை விசித்திரமானது. மனைவி குடும்ப உறுப்பினர், ஆனால் பிறப்புரிமைப் பங்காளி அல்லர். பாகப்பிரிவினை கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. கணவனும் மகன்களும் பிரியும்போது மனைவிக்கு ஒரு பங்கு ஒதுக்கும் பழைய வழக்கமும் தென்னிந்தியாவில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அவருடைய மகளுக்கோ தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், நாடு முழுக்க 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் பிறப்புரிமை உண்டு. தாய் கேட்க முடியாததை மகள் கேட்கலாம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குப் பத்திரம் பேசுகிறது. சிறுபான்மைப் பங்கு வைத்திருக்கும் மனைவியைப் பெரும்பான்மைத் தீர்மானத்தால் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கிவிடலாம். டிவிடெண்ட் அறிவிக்காமலே ஆண்டுகளை ஓட்டலாம். பங்கு அவரிடம் இருக்கும், அதில் ஒரு பைசா வராது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 241, 242ஆம் பிரிவுகளின் கீழ் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகினால், அவர் பங்கை மற்றவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ள உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. குடும்ப நீதிமன்றம் செய்யாததைக் கம்பெனித் தீர்ப்பாயம் செய்யலாம் என்பது நம் சட்ட அமைப்பின் முரண்.

4. பெயரில்லா உழைப்பு

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தை நடத்திய வழக்கு அது. சொத்து வாங்குவதில் மனைவியின் வீட்டு உழைப்பும் மறைமுகப் பங்களிப்பே என்று கொண்டு, அவருக்குச் சமப் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். விவாகரத்து வழக்கு அல்ல. தொழில் பற்றியதும் அல்ல. இருந்தும், சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் பொருந்தும் அளவுகோல், பேரேடு எழுதியவருக்கும் பட்டறையை மேற்பார்த்தவருக்கும் பொருந்தாமல் போக நியாயமில்லை.

நகையின் நிலை வேறு. சீதனம் பெண்ணின் தனிச் சொத்து. தொழிலுக்காகக் கணவர் வாங்கியிருந்தாலும் திருப்பித் தர வேண்டியது. சிக்கல் சான்றில்தான். அடகுச் சீட்டையும் மறுநாள் இயந்திரம் வாங்கிய பில்லையும் சேர்த்து வைத்திருப்பவர் குறைவு.

5. மதிப்பிடுதல்

இயந்திரம், சரக்கு, பாக்கி ஆகியவற்றைக் கூட்டிக் கடனைக் கழித்தால் சொத்து மதிப்பு கிடைக்கும். ஓடும் தொழிலின் மதிப்பு அதைவிடப் பெரிது, அல்லது சிறிது. ஓர் உதாரணம்: ஆண்டு லாபம் 12 லட்சம். கணவர் செய்யும் வேலைக்கு ஒரு மேனேஜரை வைத்தால் 6 லட்சம் சம்பளம் ஆகும். தொழில் தானாகத் தருவது மீதி 6 லட்சமே. நான்கு மடங்கு என்று கொண்டால் மதிப்பு 24 லட்சம். மேனேஜர் சம்பளத்தைக் கழிக்காமல் 48 லட்சம் என்று போட்டு, அதன்மேல் 12 லட்ச வருமானத்துக்கு ஜீவனாம்சமும் விதித்தால் ஒரே உழைப்பு இருமுறை எண்ணப்படுகிறது. ஆர்டர் தருபவர்கள் கணவரின் முகத்துக்காக வருகிறார்களா, கடையின் பெயருக்காக வருகிறார்களா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னது அவரோடு போய்விடும், பின்னதற்கே விலை உண்டு.

கணக்கில் வராத விற்பனை தனிச் சங்கடம். 2020இல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. வரிக்குக் குறைத்துக் காட்டிய லாபம் இங்கே கணவருக்கு உதவுகிறது. மனைவி உண்மையைச் சொல்லலாம். ஆனால் கூட்டாளியாக அதே கணக்கில் அவரும் கையெழுத்திட்டிருப்பார்.

6. கடன்

வழக்கறிஞர் அலுவலகங்களில் கடைசியாகப் பேசப்படுவது கடன். முதலில் பேசப்பட வேண்டியது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டாது. தொழிலில் ஒரு ரூபாயும் பெறாமல் வெளியேறிய பெண்ணின் வீட்டுக் கதவில், மூன்று ஆண்டு கழித்து, முன்னாள் கணவரின் ஓவர்டிராஃப்ட் கணக்குக்காக நோட்டீஸ் ஒட்டப்படலாம். கூட்டாண்மையிலிருந்து விலகியவரும் பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை வெளியாருக்குப் பொறுப்பாளியாகவே நீடிக்கலாம்.

7. உடன்பாட்டுப் பிரிவு

நடைமுறையில் ஒருவர் தொழிலை வைத்துக்கொண்டு மற்றவருக்குத் தவணையில் பணம் கொடுப்பதே உகந்த வழி. இருவரும் சேர்ந்து நடத்துவது அரிதாகவே நிலைக்கிறது. அந்தத் தவணைக்கு இயந்திரமோ பங்குகளோ ஈடாக எழுதப்பட வேண்டும், ஏனெனில் 25ஆம் பிரிவு தராத பாதுகாப்பை ஒப்பந்தத்தால்தான் பெற முடியும். வருமான வரியில் கணவன் மனைவிக்கிடையிலான கொடைக்கு இருக்கும் விலக்கு உறவு முறிந்தபின் தொடராது. எனவே சொத்து மாற்றங்களைத் தீர்ப்புக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

பரஸ்பர சம்மதத்துக்கான 13பி பிரிவு முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே ஆறு மாத இடைவெளி கேட்கிறது. 2017 முதல் தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்த நீதிமன்றங்களுக்கு வழி உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று எல்லோரும் தளர்வு கேட்கிறார்கள். தொழில் உள்ள தம்பதியர் அந்த ஆறு மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஜாமீனை விடுவிக்கும் கடிதத்தை வங்கி எழுதித் தரவே பல மாதங்கள் பிடிக்கலாம், அந்தக் கடிதம் கைக்கு வராமல் இரண்டாவது மனுவில் கையெழுத்திடுவது புத்திசாலித்தனம் அல்ல.