கல்லீரல் கட்டிக்குள் ஊசி: மீயொலி வழிகாட்டிய சிகிச்சையின் வரலாறு (1972–2024)

கல்லீரலில் உள்ள புற்றுக்கட்டியை, வயிற்றைத் திறக்காமல் தோல் வழியே ஊசி செலுத்தி அழிக்கும் முறை இன்று பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. இதன் வரலாற்றை எழுதுவோர் கட்டியை எதனால் அழித்தார்கள் என்பதை வைத்தே காலத்தைப் பிரிக்கிறார்கள்: முதலில் ஆல்கஹால், பிறகு ரேடியோ அலை, அதன்பின் மைக்ரோவேவ். இந்தப் பகுப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒவ்வொரு கட்டத்திலும் சிகிச்சைக்கு எல்லை வகுத்தது, மீயொலித் திரையில் எது தெரிந்தது, எது மறைந்தது என்பதுதான்.

1972இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம் குழுவினரும் பிலடெல்பியாவில் பேரி கோல்ட்பெர்க்கும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். மீயொலிக் கருவியின் முனையில் நடுவே துளையிட்டு, அதன் வழியாகவே ஊசியைச் செலுத்தலாம் என்பது அந்த யோசனை. பயாப்ஸி எடுக்கவும் தேங்கிய நீரை உறிஞ்சவும் அது உதவியது. ஆனால் அன்றைய படங்கள் பெரும்பாலும் அசையாதவை. எழுபதுகளின் பிற்பகுதியில் உடனுக்குடன் அசையும் படம் பரவலான பிறகே ஊசிமுனை நகர்வதைக் கண்ணால் தொடர முடிந்தது.

சிகிச்சையாக இது உருப்பெற்ற இடம் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகம். அங்கே குனியோ ஒகுடா தலைமையிலான குழு, பித்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காண்பதற்காக ஏறத்தாழ 0.7 மி.மீ. தடிமனே உள்ள, வளையக்கூடிய ஊசியை எழுபதுகளிலேயே பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ‘சிபா ஊசி’ என்ற பெயர் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. ஈரலுக்குள் ஊசி போட்டுப் பழகிய கையும் மீயொலித் திரையைப் படித்துப் பழகிய கண்ணும் அங்கே ஒரே துறையில் இருந்தன. ஜப்பானில் ஈரல் மருத்துவர்களே மீயொலிக் கருவியைக் கையில் எடுத்தார்கள். கதிரியல் துறையின் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. இதை நான் முக்கியமான காரணமாகக் கருதுகிறேன்.

இன்னொரு காரணம் துயரமானது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் போதை ஊசிகளாலும் இரத்தம் ஏற்றியதாலும் ஜப்பானில் ஏராளமானோருக்கு ஒரு கிருமி தொற்றியது. அதுதான் ஹெபடைடிஸ் சி என்று 1989இல்தான் அறியப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் வடுப்பட்டு இறுகும் நோய், வந்தது. அதிலிருந்து புற்றும் வந்தது. தவறாமல் செய்த மீயொலிப் பரிசோதனை 3 செ.மீ.க்கும் சிறிய கட்டிகளைக் காட்டத் தொடங்கியது. ஆனால் சுருங்கி இறுகிய ஈரல் அறுவைச் சிகிச்சையைத் தாங்காது. கட்டி கண்ணில் படுகிறது, கத்தி வைக்க வழியில்லை. அத்தகைய சிறு கட்டிகளைச் சும்மா விட்டால் அவை வளரவே செய்கின்றன என்பதை சிபாவின் எபாரா குழுவினரின் 1986ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்தது. அதற்கு முன்பே, 1983இல், சுகியுரா உள்ளிட்ட சிபா குழு, மீயொலி பார்த்துக் கட்டிக்குள் தூய ஆல்கஹாலைச் செலுத்தும் முறையை அறிவித்திருந்தது.

ஆல்கஹால் செல்லின் நீரை உறிஞ்சிப் புரதத்தை உறையச் செய்கிறது. சிறு இரத்தக்குழாய்களையும் அடைக்கிறது. சிரோசிஸ் ஈரல் கடினமானது; அதில் முளைக்கும் ஈரல் புற்றோ மென்மையானது, பெரும்பாலும் உறை சூழ்ந்தது. எனவே ஆல்கஹால் கட்டிக்குள்ளேயே பரவி நிற்கும். எவ்வளவு செலுத்துவது என்பதற்கு, கட்டியின் ஆரத்தோடு அரை செ.மீ. கூட்டி அந்தக் கோளத்தின் கன அளவைக் கணக்கிட்டார்கள்: 2 செ.மீ. கட்டிக்குச் சுமார் 14 மி.லி. இது ஒரே நாளில் போடப்படுவதில்லை, சில மி.லி.யாகப் பல அமர்வுகளில் செலுத்தப்படும். மருந்து இறங்க இறங்கத் திரையில் அந்த இடம் வெண்மையாகப் படர்வதை மருத்துவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கட்டிக்குள் தடுப்புச் சவ்வு இருந்தால் ஆல்கஹால் அதைத் தாண்டாது. அங்கே புற்று உயிரோடு தங்கிவிடும்.

இத்தாலியில் டிட்டோ லிவ்ராகி 1986இல் இம்முறை குறித்துத் தம் அனுபவத்தை வெளியிட்டார். குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றில் இது சரிவரப் பலிக்கவில்லை. அங்கே நிலைமை தலைகீழ்: கட்டி கடினம், சுற்றியுள்ள ஈரல் மென்மை, செலுத்திய ஆல்கஹால் வெளியே கசிந்துவிடும்.

1990இல் கலிஃபோர்னியாவில் மெகாகன் குழுவும் இத்தாலியில் ரோஸ்ஸி குழுவும் ரேடியோ அலை மின்னோட்டத்தால் விலங்குகளின் ஈரலைச் சுட்டுக் காட்டினார்கள். ஊசிமுனையைச் சுற்றி அயனிகள் அதிர்ந்து சூடு பிறக்கிறது. 60 டிகிரி செல்சியஸில் திசு உடனே உறைந்து சாகும். 100ஐத் தாண்டினால் கருகி, மின்னோட்டத்தையே தடுத்துவிடும். குடைக்கம்பிபோல் விரியும் ஊசிகளும், உள்ளே குளிர்நீர் ஓடும் ஊசிகளும் இந்தச் சிக்கலுக்காக வந்தவை. டோக்கியோவில் ஷீனா குழு 232 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2005இல் முடிவை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தோர் ரேடியோ அலை பெற்றவர்களில் 74 சதவீதம், ஆல்கஹால் பெற்றவர்களில் 57 சதவீதம். அதோடு எது சிறந்தது என்ற விவாதம் ஏறத்தாழ முடிந்தது.

ஆனால் வெப்பம் புதிய இருட்டையும் கொண்டுவந்தது. சூட்டில் கிளம்பும் நுண்குமிழ்கள் திரையில் வெண்மேகமாகப் பெருகிப் பின்னால் உள்ளதை மறைத்துவிடும். அந்த மேகத்தின் விளிம்பைச் செத்த திசுவின் விளிம்பு என்று கொள்ள முடியாது. முடிவை உறுதிசெய்யப் பின்னர் சி.டி. ஸ்கேன் வேண்டும். மேகம் பின்னால் உள்ளதை மறைப்பதால்தான் ஆழமான பகுதியை முதலில் சுட்டு, பிறகு மேலே வருகிறார்கள். அருகில் பெரிய இரத்தக்குழாய் இருந்தால் ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிச் சென்றுவிடும். இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது மைக்ரோவேவ். அதை மீயொலி பார்த்துத் தோல் வழியே செலுத்தும் முறையை செகி குழு 1994இல் வெளியிட்டது.

மீயொலி எட்டாத மூலைகளுக்கு வழி கண்டவர்களைப் பற்றி வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். உதரவிதானத்துக்கு அடியில் ஒளிந்த கட்டியை நுரையீரலின் காற்று மறைக்கும். நெஞ்சறைக்குள் வேண்டுமென்றே திரவம் செலுத்தி, அதன் ஊடாகப் பார்த்தார்கள். குடல் ஒட்டியிருந்தால் இடையே 5 சதவீத குளுக்கோஸ் நீரைப் பாய்ச்சி விலக்கினார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். 2007இல் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்த, மீயொலிப் படத்தைத் தெளிவாக்கும் சோனாசாய்டு மருந்தின் நுண்குமிழ்களை ஈரலின் குப்ஃபர் செல்கள் விழுங்கிக்கொள்ளும். அந்தச் செல்கள் இல்லாத புற்றுப் பகுதி பத்து நிமிடத்தில் கருமையாகத் தனித்துத் தெரியும். முன்பே எடுத்த சி.டி. படத்தை மீயொலிப் படத்தோடு திரையில் பொருத்திக் காட்டும் மென்பொருள்கள் வந்தபின், மீயொலியில் மட்டும் பார்த்தால் புலப்படாத கட்டிக்கும் குறிவைக்க முடிகிறது.

2023இல் அமெரிக்கா அனுமதித்த ஹிஸ்டோட்ரிப்சி முறையில் ஊசியே இல்லை. வெளியிலிருந்து குவிக்கப்படும் ஒலியலையே கட்டியைச் சிதைக்கிறது. காட்டுவதும் ஒலி, அழிப்பதும் ஒலி. மறுபுறம், நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய கொலிஷன் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய, 3 செ.மீ.க்கு மிகாத கட்டிகளைச் சுடுவது, வெட்டி எடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. ஆல்கஹால் தோற்ற இடம் அது.

கருவிகள் இத்தனை மாறியும் 3 செ.மீ. என்ற எல்லை பெரிதாக நகரவில்லை. அதற்குள் கட்டியைக் கண்டுபிடித்தால்தான் இந்த ஐம்பதாண்டு உழைப்பு நோயாளிக்குப் பயன்படும். சிரோசிஸ் உள்ளவர்கள் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று மீயொலி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள், தங்களுக்கும் அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.