மெம்பிஸ் நகரின் கிளேபார்ன் ஆலயம்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது மெம்பிஸ் நகரம். அங்கு வெள்ளையரின் இரண்டாம் பிரஸ்பிடேரியன் சபை 1892-இல் ஒரு பேராலயத்தை எழுப்பியது. பருத்த கற்சுவர், அரைவட்ட வளைவுகள், மூலையில் உயர்ந்த கோபுரம் ஆகியவை இடைக்கால ஐரோப்பாவின் ரோமனெஸ்க் கட்டடப் பாணியைப் பின்பற்றியவை. பிரஸ்பிடேரியன் வழிபாட்டில் பிரசங்கத்திற்கே முதலிடம். ஆதலின் இருக்கைகள் யாவும் பிரசங்க மேடையை நோக்கிப் பிறைபோல் வளைந்திருந்தன. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் பெரியதொரு பைப் ஆர்கனும் அம்மண்டபத்தை அணிசெய்தன.

பின்னர் அச்சபையார் நகரின் கிழக்குப் பகுதிக்குப் பெயர்ந்தனர். 1949-இல் இக்கட்டடத்தை வாங்கிய கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் சபை, தன் பேராயர் கிளேபார்னின் பெயரை இதற்குச் சூட்டியது. விந்தை யாதெனில், 1964-இல் பழைய சபையாரின் புதிய ஆலயத்தில் வழிபடச் சென்ற கறுப்பினத்தவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். வாயிலில் நிறுத்தப்படுவது இன்னதென்று நம் மூதாதையர்க்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1968 பிப்ரவரி 1-ஆம் நாள், மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு துப்புரவுத் தொழிலாளர் அதன் இயந்திரத்தில் நசுங்கி மாண்டனர். பிப்ரவரி 12-இல் சுமார் 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் நாள்தோறும் கூடியதும், ஊர்வலம் புறப்பட்டதும் இவ்வாலயத்திலிருந்தே. 'நான் ஒரு மனிதன்' என்ற நான்கே ஆங்கிலச் சொற்கள் கொண்ட அட்டைகள் இதன் நிலவறையில் அச்சாயின. கோபுரத்தினும் அந்த நிலவறையையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

மார்ச்சு 28-இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் புறப்பட்ட ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. ஆலயத்திற்குத் திரும்பி அடைக்கலம் புகுந்தோர்மீது போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர். ஏப்ரல் 4-இல் கிங் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகராட்சி சங்கத்தை ஏற்று ஊதிய உயர்வுக்கும் இசைந்தது.

1999-இல் ஆலயம் மூடப்பட்டுப் பல்லாண்டு பாழடைந்து கிடந்தது. புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2025 ஏப்ரல் 28-இல் தீயால் கூரை சரிந்து உட்பகுதி அழிந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதென்று விசாரணை கூறியது. அருகில் 2018-இல் அமைத்த நினைவுத் திடலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.